எங்கள் வீட்டு வளையில் ஒரு சிலுவை

போன மாதம் வவுனியாவில் இருதயம் பார்க்கிற டொக்டர் எனக்கு மீன் எண்ணெய்க் குளிசை எழுதித் தந்தார். தண்ணீரோடு விழுங்கச் சொன்னார். நான் விழுங்குவேனா? உள்ளே என்ன இருக்கிறதென்று தெரியாத ஒன்றை அப்படியே வயிற்றுக்குள் அனுப்ப இந்த வயதிலும் எனக்கு மனம் வராது. பல்லால் மெதுவாகக் கடித்துப் பார்த்தேன். அது வெடித்து வாயெல்லாம் எண்ணெய். மருமகள் ஓடி வந்து, "என்ன மாமா, நெஞ்சு நோகுதோ?" என்று கேட்டாள். குசினியில் அடுப்புக்கு முன் கிடந்த கதிரையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். நெஞ்சு நோகவில்லை. வாய்க்குள் இருந்தது சுறா எண்ணெய். அறுபது வருசத்துக்கு முன் முல்லைத்தீவுக் கரையில், புதிதாக நட்ட ஒரு மரச் சிலுவையில் பூசியிருந்த அதே எண்ணெயின் மணம்.

அந்தச் சிலுவை எங்கள் வீட்டு மரத்தில் செய்தது. இதைச் சொல்லத்தான் குளிசையைச் சுற்றி வந்தேன்.

நாங்கள் யாழ்ப்பாணப் பக்கமிருந்து வந்து, குளத்துக் குடியேற்றத்தில் காணி கிடைத்து, கிளிநொச்சியில் வயல் செய்தவர்கள். நான் ஆறாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டேன். விடுவித்தது ஐயா இல்லை, அப்பாவை நாங்கள் அப்படித்தான் கூப்பிடுவோம். வாய்ப்பாடு கேட்கிற நாளெல்லாம் எனக்குக் காய்ச்சல் வரும், கடைசியில் ஐயா அந்தக் காய்ச்சலை நம்பிவிட்டார். பிறகு பரந்தன் சந்திக்குக் கிட்ட ஒரு மரக்காலையில் மரம் அரிகிற வேலை. மாலையில் கேற்றைப் பூட்டுவது என் பொறுப்பு. பூட்டிவிட்டுச் சைக்கிளில் அரை மைல் போவேன், பூட்டினேனா என்று யோசனை வரும், திரும்பி வந்து இழுத்துப் பார்ப்பேன். சில நாள் மூன்று தரம். முதலாளி, "நீ பூட்டினா கள்ளனுக்கு வேலை இல்லை, உன்ர சைக்கிளுக்குத்தான் வேலை" என்பார்.

எனக்குப் பதினேழு வயதாக இருந்தபோது சின்னண்ணன் எங்கள் வீட்டு வளையில் தன் உயிரை முடித்துக்கொண்டான். வளை என்றால் கூரையைத் தாங்குகிற குறுக்கு மரம். பாலை மரம், இரும்பு மாதிரி. ஏன் அப்படிச் செய்தான் என்று அன்றைக்கும் தெரியாது, இன்றைக்கும் தெரியாது. முதல்நாள் மத்தியானம் என்னோடு இருந்து புளிச்சோறு தின்றவன். உப்புக் காணாது என்றுகூடச் சொன்னவன்.

ஐயா செய்த முதல் காரியம், எட்டாம் நாள் சடங்கு முடிந்த கையோடு அந்த வளையைக் கழற்றினது. அப்படிப்பட்ட மரத்தை வீட்டில் வைக்கக்கூடாது, சொந்த அடுப்பில் எரிக்கவும் கூடாது, ஊர் எல்லை தாண்டிப் போய்விட வேண்டும் என்று எங்கள் ஆட்கள் நம்பினார்கள். ஒரு வண்டிற்காரனைப் பிடித்து, காட்டுக்குள் கொண்டுபோய்ப் போடச் சொன்னார். இரண்டாவது காரியம், அண்ணனின் பெயரை வீட்டில் யாரும் சொல்லக்கூடாது என்றது. அம்மா தேத்தண்ணி ஊற்றும்போது ஒரு நாள் பழக்கத்தில் வாய் தவறிக் கூப்பிட்டுவிட்டா. ஐயா கோப்பையை வைத்துவிட்டு எழும்பி வயலுக்குப் போனவர், இருட்டின பிறகுதான் வந்தார். அதற்குப் பிறகு அம்மாவும் சொல்லவில்லை.

இனி நான் உறைந்துபோன கதைக்கு வருகிறேன். ஏழெட்டு நாள் கழித்து நான் மரக்காலையில் நிற்கிறேன். அதே வண்டில் உள்ளே வருகிறது. நல்ல பாலையைக் காட்டில் எறிய அந்த மனிசனுக்கு என்ன விசரா, விற்க வந்திருக்கிறான். எங்கள் வளையில் லாம்பு கொழுவுகிற ஆணி அப்படியே இருந்தது. ஆணிக்குப் பக்கத்தில் லாம்புச் சூடு பட்டுக் கறுத்த இடமும் இருந்தது. அந்தக் கறுப்பைப் பார்த்துக்கொண்டுதான் நானும் அண்ணனும் சின்ன வயதில் நித்திரை கொண்டனாங்கள், அவனுக்கு அது ஆமை, எனக்குக் குரங்கு. என் கால் இரண்டும் மண்ணுக்குள் இறங்கினது போல இருந்தது. வண்டிற்காரன் என்னைப் பார்த்தான், நான் அவனைப் பார்த்தேன், இரண்டு பேரும் வாயைத் திறக்கவில்லை. முதலாளி வாங்கிவிட்டார்.

நான் அதை இழுத்துக்கொண்டுபோய் மரக்காலையின் பின்மூலையில், உடைந்த பலகைகளுக்கு அடியில் ஒளித்து வைத்தேன். பத்து மாதம் ஒளித்து வைத்திருந்தேன். கேற்றுப் பூட்டை விட அந்த மூலையைத்தான் கூடத் தரம் போய்ப் பார்த்திருப்பேன்.

அந்த நாளில் முல்லைத்தீவிலிருந்து கருவாட்டு லொறி ஒன்று பரந்தன் ஸ்டேசனுக்கு வரும். ஒரு நாள் அது மரக்காலை வாசலில் நின்று, அதன் முன் சீற்றிலிருந்து ஒரு பெண் இறங்கினா. முப்பது வயது இருக்கும், வெயிலில் கறுத்த முகம், சிரிக்காமலே பகிடி விடுகிற குரல். பிலோமினாக்கா. புருசன் கடலுக்குப் போகிறவர், இவ கருவாடு போடுகிறவ.

"தம்பி, வைரமான பாலை வேணும். பழசைக் கறையான் திண்டிட்டுது" என்றா.

முதலாளிக்கு அன்றைக்கென்று ஞாபகம் நல்லாக இருந்தது. "பின்னால ஒரு வளை கிடக்கு, எடுத்து அரிஞ்சு குடு" என்றார். எட்டடி ஒரு துண்டு, நாலடி ஒரு துண்டு. நடுவில் ஒன்றுக்குள் ஒன்று பொருந்துகிற மாதிரிப் பாதி பாதி வெட்ட வேண்டும். சொல்லியிருக்கலாம். அக்கா, அது வேண்டாம் என்று ஒரு வார்த்தை. நான் வாள் பிடித்தேன். பாலைத்தூள் வியர்வையில் ஒட்டி, கை முழுக்கச் சிவந்திருந்தது. அரிந்து முடிந்த பிறகுதான் கேட்டேன், "என்னத்துக்கக்கா இது?"

"சிலுவைக்கு. கரையில நடப் போறம். வள்ளம் தள்ளேக்க கும்பிட."

லொறி போய்விட்டது. நான் அரிந்த தூளுக்குள் குந்திவிட்டேன். வீட்டிலேயே வைக்கக்கூடாத மரத்தை, ஒரு ஊர் கும்பிடக் கொடுத்துவிட்டேன்.

பிறகு எனக்குச் சோறு இறங்கவில்லை. லொறி வருகிற ஒவ்வொரு முறையும் றைவரிடம், "கரையில எல்லாரும் சுகமோ?" என்று கேட்பேன். "என்னடா, அங்க பொம்பிளை பார்க்கிறியோ?" என்று அவர் சிரிப்பார். சிலுவை நட்டு ஒரு மாதம் இருக்கும். அன்றைக்கு அவர் சிரிக்கவில்லை. "பிலோமினான்ர மனுசன் கடலுக்குப் போய் ரண்டு நாளாய் ஆள் வரேல்லை."

எனக்குக் காதுக்குள் வாள் இழுக்கிற சத்தம் கேட்டது. அண்ணனோடு முடியவில்லை, அந்த மரம் அடுத்த ஆளையும் எடுத்துவிட்டது, எடுத்துக் கொடுத்தது நான். அடுத்த நாள் விடிய, சந்தையில் ஒரு நீற்றுப்பூசணிக்காய் வாங்கினேன். நீங்கள் சிரிப்பீர்கள். கெட்டது கழிக்க எனக்குத் தெரிந்த ஒரே வழி அதுதான், மரத்தைச் சுற்றிப் பூசணிக்காய் உடைக்கிறது. முல்லைத்தீவு பஸ்ஸில் அந்தக் காயை மடியில் பிள்ளை மாதிரி வைத்துக்கொண்டு போனேன். பக்கத்தில் இருந்த மனிசி, "கலியாண வீட்டுக்கோ தம்பி?" என்று கேட்டா. ஓம் என்று சொல்லிவிட்டேன்.

கரைக்குப் போனால், பிலோமினாக்கா மீன் வெட்டிக்கொண்டு இருக்கிறா. அவவுக்குப் பின்னால் கையில் சீலைக் கட்டோடு வலைக் குவியலில் சாய்ந்திருக்கிறது அவவின் புருசன். பாய் கிழிந்து காற்று இழுத்துக்கொண்டு போனதாம், வேறொரு கரையில் ஏறி, அங்கே தெரிந்த வீட்டில் இரண்டு நாள் கள்ளுக் குடித்துவிட்டு வந்தாராம். நான் ஓவென்று அழுதுவிட்டேன்.

"ஏன் தம்பி அழுறீர்? இவர் செத்திருந்தா நானே இவ்வளவு அழுதிருக்க மாட்டன்" என்றா அக்கா.

அந்த நேரம் பூசணிக்காயைக் கொடுத்துவிட்டு வந்த வழியே போயிருக்கலாம். முடியவில்லை. அறுபதடி தள்ளிச் சிலுவை நின்றது. சுறா எண்ணெய் பூசிப் பளபளவென்று, ஆணி கழற்றின ஓட்டையோடு, அந்தக் கறுப்பு நெஞ்சுயரத்தில் நிற்க. முழுவதையும் சொன்னேன், அண்ணன், வளை, வண்டில், நான் வாயைத் திறக்காமல் அரிந்தது எல்லாம்.

புருசன் எழும்பிவிட்டார். "எடியே, தூக்குப் போட்ட மரமடி. இதையோ பங்குச் சுவாமி வந்து மந்திரிச்சுப்போட்டுப் போனவர்? பொடியங்களைக் கூப்பிடு, பிடுங்கி எரிப்பம்."

நான் அதைத்தான் எதிர்பார்த்துப் போனேன். ஆனால் அவர் சொன்னபோது என்னவோ செய்தது. ஐயா ஒருதரம் கழற்றி எறிந்தார், இனி இவர்களும் எறியப் போகிறார்கள். மரத்தையா அண்ணனையா என்று எனக்குப் பிரித்துப் பார்க்கத் தெரியவில்லை.

அக்கா கத்தியைக் கீழே வைக்கவில்லை. "இஞ்ச பாருங்கோ, அவரை அறைஞ்ச மரம் மட்டும் பூமரமோ?"

"அது வேற, இது வேற."

"என்ன வேற? அதுவும் ஆளைக் கொன்ற மரம்."

"ஆரைக் கொன்றது?" என்று கேட்டது நான்தான். இரண்டு பேரும் சண்டையை விட்டுவிட்டு என்னைப் பார்த்தார்கள்.

"சிலுவை என்னெண்டு நினைச்சீர்?" என்றா அக்கா.

"கோயில் கொடிமரம் மாதிரி எண்டு."

"படம் கண்டதில்லையோ? அவர் அதில இருக்கிறது?"

கண்டிருக்கிறேன். பரந்தனில் ஒரு தையல் கடையில் தொங்கியது. கையை விரித்து எல்லாரையும் வா வா என்று கூப்பிடுகிறார் என்றுதான் நினைத்திருந்தேன். சொன்னேன். புருசன் சிரித்துவிட்டார்.

அக்கா சிரிக்கவில்லை. "ஆணி அடிச்சிருக்கு தம்பி. கையிலயும் காலிலயும். அந்தக் காலத்து அரசாங்கம் கொலைகாரரை, கள்ளரைக் கொல்லுறது அதிலதான். குற்றம் செய்யாத மனுசனை அதில ஏத்திக் கொன்றவங்கள்."

வேதக்காரரான கிறிஸ்தவர்களின் கழுத்தில், கதவில், கல்லறையில், பிள்ளையின் நெற்றியில் எல்லாம் எவ்வளவு காலமாகப் பார்த்த அடையாளம். "அப்ப தூக்குமரத்தையோ கழுத்தில போட்டிருக்கிறியள்?"

"ஓம்" என்றா, இன்றைக்குச் செவ்வாய்க்கிழமையோ என்று நான் கேட்டது போல. பிறகு ஒரு மீனின் குடலை வழித்துப் போட்டுவிட்டுச் சொன்னா: "எங்களுக்காண்டி விரும்பித்தான் போனவர். மூண்டாம் நாள் எழும்பிட்டார். கொன்ற மரம் தோத்துப் போச்சு. அதைக் கொண்டுபோய் ஒளிச்சு வைச்சா, அது கொன்றதோட கதை நிண்டிடும். அதாலதான் எல்லாரும் பாக்கிற இடத்தில நடுறது."

பிறகு குரல் இறங்கிச் சொன்னா, "அப்பிடிப் போன ஆக்களை எங்கட சவக்காலைக்குள்ள புதைக்க விடமாட்டினம் தம்பி. அது எனக்கும் விளங்கிறேல்லை. ஆனா மரத்தைப் பற்றி ஒருத்தரும் ஒண்டும் சொல்லேல்லை. இது நிக்கட்டும்."

புருசன் சிலுவையைப் பார்த்தார், கடலைப் பார்த்தார், கைக் கட்டைப் பார்த்தார். "எதுக்கும் சுவாமியிட்டைச் சொல்லாத" என்று மட்டும் சொல்லிவிட்டுத் திரும்ப வலையில் சாய்ந்தார்.

"உம்மட அண்ணற்ற பேரென்ன?" என்று அக்கா கேட்டா.

பதினொரு மாதம் சொல்லாத பெயர். கடைசியில் சொன்னேன். அவ எழும்பி, மீன் கையைச் சீலையில் துடைத்துவிட்டு, சிலுவைக்குக் கிட்டப் போய் அந்தக் கறுப்பில் கையை வைத்து, அந்தப் பெயரைச் சத்தமாக ஒருதரம் சொன்னா. யாரோ தூரத்தில் நிற்கிற ஆளைச் சாப்பிடக் கூப்பிடுகிறது மாதிரி.

பூசணிக்காயை உடைக்க விடவில்லை. இறால் போட்டுக் கறி வைத்தா. கழிப்புக்குக் கொண்டுபோன காயைத் தின்றால் என்ன வருமோ என்று பயந்து பயந்துதான் தின்றேன். இரண்டாந்தரமும் போட்டுத் தின்றேன்.

நான் வேதத்துக்கு மாறவில்லை. ஆனால் வருசத்தில் ஒருதரமாவது அந்தக் கரைக்குப் போனேன். போகிற நேரமெல்லாம் சிலுவையடியில் மெழுகுதிரி உருகிக் கிடக்கும். அக்கா, "உம்மட ஆளுக்கும் ஒண்டு கொளுத்தினனான்" என்பா.

இப்போது பரந்தனில் அந்த மரக்காலை இருந்த இடம் எதுவென்று காட்ட என்னாலேயே முடியாது. எங்கள் வீட்டுச் சுவரும் இல்லை. சண்டைக் காலத்தில் அந்தக் கரைக்கு நெடுநாள் போக விடவில்லை. பிறகு ஒரு காலையில் கடல் எழும்பி வந்தது. அக்கா, வீடு, வலைக் குவியல், சிலுவை ஒன்றும் மிஞ்சவில்லை. பிறகு போய் நின்று பார்த்தேன், ஓட்டை அடையாளம் கிடக்கிற ஒரு மரத்துண்டாவது ஒதுங்கியிருக்குமோ என்று. மணல்தான்.

அந்தப் பெயரைச் சத்தமாகச் சொல்ல அவவுக்குப் பிறகு ஆளில்லை. ஐயா போட்ட பூட்டை, ஐயா செத்து எவ்வளவோ காலமாகியும், நான்தான் திரும்பத் திரும்பப் போய் இழுத்துப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன். என் பிள்ளைகளுக்கு இப்படி ஒரு பெரியப்பா இருந்ததே தெரியாது. அன்றைக்குக் குசினியில் மருமகள் என் வாயைத் துடைத்துவிட்டு, "ஏன் மாமா அழுறியள், அவ்வளவு கைக்குதோ?" என்று கேட்டாள். இல்லைப் பிள்ளை, இரு, ஒரு ஆளைப் பற்றிச் சொல்ல வேணும் என்று கதிரையை இழுத்துக் கொடுத்தேன்.

தங்கராசா. என்ர சின்னண்ணன்ர பேர் தங்கராசா.