பதினோராவது உயிர்

அந்த இரத்தப் பரிசோதனைக் கூடத்தில் அவளுக்குக் கழுகக்கா என்று பெயர். யார் வைத்தார்கள் என்பது எவருக்கும் நினைவில்லை. ஏன் வைத்தார்கள் என்பது மட்டும் எல்லாருக்கும் தெரியும். பிறர் பத்து நிமிடம் துழாவியும் கண்ணுக்கு அகப்படாத கிருமியை அவள் மூன்றே நிமிடத்தில் பிடித்துவிடுவாள். இருபத்தாறு ஆண்டுகளாக அதே சன்னலோர மேசை, அதே சுழல்நாற்காலி. நாற்காலியின் மெத்தை மட்டும் இருமுறை மாறியிருந்தது.

அவளுடைய வித்தையில் மாயம் ஒன்றும் இல்லை, ஒழுங்குதான். இரத்தம் தேய்த்த கண்ணாடி ஸ்லைடை நுண்ணோக்கியின் கீழ் வைத்ததும் மேலிருந்து கீழே நகர்த்துவாள். ஒரு மயிரிழை வலப்பக்கம் தள்ளுவாள். கீழிருந்து மேலே வருவாள். மறுபடியும் ஒரு மயிரிழை. ஓரிடமும் விடுபடாது, ஓரிடமும் இருமுறை வராது. வேலைக்குச் சேர்ந்த காலத்தில் அங்கே ஒற்றைக்கண் நுண்ணோக்கிதான் இருந்தது. வலக்கண்ணால் பார்த்து, இடக்கண்ணை இடுக்கிக்கொள்வாள். பின்னாளில் இருகண் நுண்ணோக்கி வந்தது. ஆனால் பழகிய கண் பழகியதுதான்.

இப்படிப்பட்டவளுக்கு ஐம்பத்திரண்டாம் வயதில் ஓர் இடி விழுந்தது. காய்ச்சலோடு வந்த வேன் ஓட்டுநர் ஒருவரின் ஸ்லைடைப் பார்த்து, மலேரியாக் கிருமி இல்லை என்று எழுதிக் கையெழுத்திட்டாள். நான்கு நாள் கழித்தும் அவருடைய காய்ச்சல் இறங்கவில்லை. கூடத்தின் தலைமை மருத்துவர் அதே ஸ்லைடை எடுத்துப் பார்த்தபோது, சிவப்பணுக்களுக்குள் மெல்லிய நீல வளையங்கள் இரண்டு இருந்தன. ஓட்டுநர் மருந்து சாப்பிட்டுத் தேறி, வேனையும் எடுத்துக்கொண்டு போய்விட்டார். கழுகக்காவுக்குத்தான் சோறு இறங்கவில்லை.

தலைமை மருத்துவர் அவளைவிடப் பத்து வயது இளையவர். கதவைச் சாத்திவிட்டுத்தான் பேசினார்.

“அக்கா, நான் குத்தம் சொல்லல. கண்ணை ஒரு தடவ காட்டிட்டு வாங்க. இந்த மாசம் பூரா நீங்க பார்க்கிற ஸ்லைடை இன்னொருத்தரும் பார்க்கட்டும். மாசக் கடைசில நீங்க மைக்ராஸ்கோப்லயே இருக்கலாமா, பதிவு மேசைக்கு வரலாமான்னு பேசிக்கலாம்.”

பதிவு மேசை என்பது வாசலை ஒட்டியது. வருகிறவர்களின் பெயரையும் வயதையும் கேட்டு எழுதி, வெறும் வயிற்றில் வந்தீர்களா என்று விசாரிக்க வேண்டும். கௌரவக் குறைவான வேலை அன்று. ஆனால் கழுகை வாசலில் உட்கார வைத்தால் அது கழுகாக இருக்குமா என்பதே அவளுடைய கேள்வி. தலையாட்டிவிட்டு வந்தாள், கண் மருத்துவரிடம் மட்டும் போகவில்லை. சீட்டில் எழுதிவிட்டால் எழுதியது எழுதியதுதான் என்பது, வாழ்நாள் முழுதும் சீட்டு எழுதியவளுக்குத் தெரியாதா? அன்று கூட்டம் அதிகம், கவனம் பிசகிவிட்டது என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டாள்.

வீட்டில் மூவர். கணவர் லிஃப்ட் பழுதுபார்ப்பவர். காலையில் சலவைச் சட்டையோடு போய், மாலையில் கிரீஸ் கறையோடு வருவார். அவருடைய தங்கை, அதாவது கழுகக்காவின் நாத்தனார், ஒரு ஹோட்டலில் தொலைபேசி வழியே அறை பதிவு செய்யும் வேலையில் இருந்தாள். விடியற்காலை ஷிஃப்ட் முடிந்து, மதியம் வீட்டில் இருப்பாள். வீடியோ கேம் இயந்திரம் அவளுடையது. விண்கலத்தில் ஏறிக் கிரகம் கிரகமாகப் போய், அங்கங்கே வாழும் உயிரினங்களைக் படக்கருவியால் படம்பிடித்துப் பட்டியலை நிரப்புவதுதான் விளையாட்டு. நாத்தனார் இரண்டு மாதம் ஆடிவிட்டுச் சலித்துப்போய் விட்டுவிட்டாள். அவள் விட்டதைக் கழுகக்கா பிடித்துக்கொண்டாள். ஒரு பட்டியலில் கட்டம் காலியாக இருந்தால் அவளுக்கு உறக்கம் வராது.

அப்படி அவள் வந்து நின்றது ஒரு சின்னஞ்சிறு கிரகத்தில். மண் எல்லாம் சாம்பல். அதனால் அதற்குச் சாம்பல் உருண்டை என்று பெயரிட்டாள். அதைக் கேட்டு நாத்தனார் சிரித்தாள். அங்கே மொத்தம் பதினோர் உயிர்கள். கொம்பு முளைத்த நத்தை முதல் தலைகீழாகப் பறக்கும் வௌவால் வரை பத்தை முதல் வாரத்திலேயே பிடித்தாயிற்று. பதினோராவது கட்டத்தில் ‘மிக அரிது, தரையில் வாழ்வது’ என்ற குறிப்பைத் தவிர வேறொன்றும் இல்லை.

மருத்துவர் பேசிய அன்று மாலை, கட்டுப்பாட்டுக் கருவியைக் கையில் எடுத்தபோது அவள் மனத்துக்குள் ஒரு பந்தயம் கட்டிக்கொண்டாள். மாதம் முடிவதற்குள் இந்தப் பதினோராவது உயிர் என் கண்ணில் பட்டுவிட்டால், கண்ணில் குறை இல்லை. படாவிட்டால் பதிவு மேசை.

வேறு எப்படித் தேடுவாள்? ஸ்லைடைப் பார்ப்பது போலத்தான் தேடினாள். கட்டம்போட்ட தாளில் கிரகத்தின் வரைபடத்தை வரைந்துகொண்டு, வடக்கிலிருந்து தெற்கே நடந்து, ஓர் அடி கிழக்கே தள்ளி, தெற்கிலிருந்து வடக்கே திரும்பினாள். நடந்த கட்டங்களைப் பென்சிலால் நிரப்பினாள். மூன்று வாரத்தில் தாள் முழுதும் கறுத்தது. உயிர்தான் அகப்படவில்லை.

“வயல் உழுறியா, விளையாடுறியா?” என்று கணவர் கேட்டார். பட்டன் அழுத்தினால் லிஃப்ட் வரும், இதில் அதுகூட வராது போலிருக்கிறது என்று முணுமுணுத்தபடி குளிக்கப் போனார்.

மாதம் முடிய ஐந்து நாள் இருந்தது. ஆட்டத்தின் நடுவே அடுப்பில் பால் பொங்கும் வாசனை வந்தது. கட்டுப்பாட்டுக் கருவியைப் போட்டுவிட்டு ஓடினாள். அடுப்பைத் துடைத்து, மிஞ்சிய பாலை ஆற்றி வைத்துவிட்டு அவள் திரும்பிவர இருபது நிமிடம் ஆயிற்று. திரையில் அவள் நின்ற இடத்தைச் சுற்றிச் சாம்பல் மண்ணில் புள்ளிப் புள்ளியாகத் தடங்கள். போகும்போது அவை இல்லை. ஏதோ ஒன்று வந்து, அவளைச் சுற்றிப் பார்த்துவிட்டுப் போயிருக்கிறது.

அப்போதுதான் உறைத்தது. ஸ்லைடில் இருப்பவை சாயமேறி அசையாமல் கிடப்பவை. தேடுகிறவள்தான் நகர வேண்டும். இதுவோ உயிரோடு இருப்பது. காலடி அதிர்ந்தால் மண்ணுக்குள் புதைந்துகொள்கிறது. மூன்று வாரமாக அவளே அதை விரட்டி விரட்டி நடந்திருக்கிறாள். தனக்குள் சிரித்துக்கொண்டாள். குற்றம் கண்ணில் இல்லை, காலில்தான் என்று மனம் லேசாயிற்று.

ஞாயிறு மதியம் நாத்தனாரையும் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு, எதையும் தொடாமல் காத்திருந்தாள். பத்து நிமிடம் போயிற்று. நாத்தனார் கொட்டாவி விட்டாள். கால்மணி நேரமும் கடந்தது.

“அண்ணி, வந்துடுச்சு,” என்றாள் நாத்தனார், குரலைத் தாழ்த்தி.

“எங்க?”

“எங்கன்னா? உங்க முன்னாடியே நிக்குது. கவுத்து வச்ச தட்டு மாதிரி, ஆறு காலோட.”

கழுகக்கா முன்னே சாய்ந்து உற்றுப் பார்த்தாள். சாம்பல், சாம்பல், அதற்கு அப்பாலும் சாம்பல். விளையாட்டுக்குச் சொல்கிறாளோ என்றுகூட ஐயம் வந்தது.

“அது சரி, ஏன் ஒரு கண்ணை மூடிட்டுப் பார்க்கறீங்க?”

இடக்கண்ணை இடுக்கியிருப்பது அவளுக்கே அப்போதுதான் தெரிந்தது. திறந்தாள். கையெட்டும் தூரத்தில், கவிழ்த்த தட்டுபோல ஒன்று நின்றுகொண்டு, இரண்டு கொம்புகளை ஆட்டி அவளையே பார்த்துக்கொண்டிருந்தது. பதறாமல் படக்கருவியை நீட்டிப் படம்பிடித்தாள். பதினோராவது கட்டம் நிரம்பி, இனிய மணியோசை ஒன்று கேட்டது.

நாத்தனார் கைதட்டினாள். கழுகக்கா தட்டவில்லை. வலக்கண்ணை உள்ளங்கையால் பொத்தினாள், உயிர் இருந்தது. இடக்கண்ணைப் பொத்தினாள், உயிர் இல்லை, மண்தான் இருந்தது. மறுபடியும் ஒருமுறை மாற்றிப் பார்த்தாள். இருபத்தாறு ஆண்டுகளாக எந்த ஐயத்தையும் இரண்டு முறை சரிபார்த்தே எழுதியவள் அவள். கட்டிய பந்தயத்தில் ஜெயித்தாயிற்று. விடை மட்டும் மாறியிருந்தது.

“என்ன அண்ணி?”

“ஒண்ணுமில்ல. நாளைக்கு ஷிஃப்ட் முடிஞ்சதும் நேரா வா. கண் ஆஸ்பத்திரிக்குப் போகணும்.”

மறுநாள் காலை, தலைமை மருத்துவர் கேட்பதற்கு முன்பே கதவைத் தட்டிப் போய், தன் வலக்கண்ணை நம்ப வேண்டாம் என்றும், கடந்த இரண்டு மாதத்தில் தான் ‘இல்லை’ என்று எழுதிய ஸ்லைடுகளை எல்லாம் மறுபடியும் பார்க்கச் சொல்ல வேண்டும் என்றும் சொன்னாள். பெட்டியில் இருந்த அறுபத்துமூன்றையும் பார்த்தார்கள். வேறு எதிலும் பிழை இல்லை. மருத்துவர் பெட்டியை மூடி வைத்தார். பிறகு, பதிவு மேசைக்கு ஆள் ஏற்கெனவே இருக்கிறார் என்று மட்டும் சொன்னார்.

கண் ஆஸ்பத்திரியில் வலக்கண்ணில் புரை முற்றியிருப்பதாகவும், இடக்கண்ணில் தொடங்கியிருப்பதாகவும் எழுதினார்கள். அவள் அஞ்சியபடி அந்தச் சீட்டு எல்லாவற்றையும் முடித்துவிடவில்லை. ஒரு தேதியைத்தான் குறித்தது. அறுவை சிகிச்சை முடிந்து நான்கு வாரம் ஓய்வு. கணவர் சொட்டுமருந்து விட்டார். பெயருக்கு ஏற்றபடி இனி மேலிருந்தே எலியைப் பிடிப்பாய் என்று கேலி செய்தார்.

ஓய்வின் கடைசி வாரத்தில், அரைமணி நேரம் மட்டும் என்ற நிபந்தனையோடு விளையாட்டைப் போட்டுப் பார்த்தாள். திரை நிறைய வெளிர்நீல மண். வழி தவறி வேறு கிரகத்தில் இறங்கிவிட்டோமோ என்று பட்டியலைப் பார்த்தாள். சாம்பல் உருண்டை என்றுதான் இருந்தது.

“இது எப்பலேர்ந்து நீலமா இருக்கு?”

“எப்பவுமே நீலம்தான் அண்ணி. நீங்க கேலிக்குப் பேர் வச்சீங்கன்னுல்ல நான் நினைச்சேன்.”

கழுகக்கா சற்று நேரம் அந்த நீலத்தையே பார்த்தாள். புரைதான் இத்தனை நாளும் நீலத்தைச் சாம்பலாகக் காட்டியிருக்கிறது. ஓட்டுநரின் இரத்தத்திலும் அந்த வளையங்கள் இதே நிறத்தில்தான் இருந்திருக்கும். பெயரை மாற்றட்டுமா என்று நாத்தனார் கேட்டபோது வேண்டாம் என்றாள். பரிசோதனைப் பதிவேட்டில் தவறை அழிக்கும் வழக்கம் இல்லை. படிக்கும்படியே விட்டுவிட்டு, பக்கத்தில் சரியானதை எழுதிக் கையெழுத்திட வேண்டும். பென்சிலால் கறுத்த அந்தத் தாளைத் தேடி எடுத்து, ஓரத்தில் ‘மண்: நீலம்’ என்று எழுதி, தேதியிட்டு, கையெழுத்துப் போட்டாள். திங்கட்கிழமை வேலைக்குப் போனாள். நுண்ணோக்கியில் இரண்டு கண்களையும் திறந்து வைத்துப் பார்க்கப் பழகுவதற்குத்தான் மேலும் ஒரு மாதம் பிடித்தது.