பெரிய வெள்ளிக் கஞ்சி

பெரிய வெள்ளி வந்தால் எனக்குக் கஞ்சியின் நினைவு வரும். கூடவே அம்மாவின் நினைவும். அம்மா தவறிச் சில வருடங்களாகின்றன. அவர் கையால் இன்னும் ஒரு கோப்பை கஞ்சி கிடைக்காதா என்று நான் ஏங்காத தவக்காலம் இல்லை.

லண்டன் பிளேஸ்டோவில் எங்கள் கோயில் மண்டபத்தில், பெரிய வெள்ளி வழிபாடு முடிந்ததும் தமிழ்ச் சனம் எல்லாருக்கும் கஞ்சி ஊற்றுவார்கள். காய்ச்சுவது எப்போதும் அம்மாதான். அலுவலகங்களைத் துப்புரவு செய்யும் அவரை வேலையிடத்தில் யாரும் பெயர் சொல்லிக்கூடக் கூப்பிட்டதில்லை. அந்த ஒரு நாள் மட்டும் மண்டபமே அவர் கைப்பக்குவத்தைப் புகழும். அதற்காகவே வருடம் முழுக்கக் காத்திருப்பார்.

ஒரு வருடம், மன்னாரிலிருந்து புதிதாக வந்து எங்களோடு தங்கியிருந்த மாமி, அப்பாவின் தங்கை, உதவிக்கு வந்திருந்தார். உப்புக் காணாது என்று அவருக்குப் பட்டிருக்கிறது. எங்கள் வீட்டு அலுமாரியில் கண்டெடுத்துக் கொண்டுவந்திருந்த, பொன்தாள் சுற்றிய கட்டிகளை லண்டன் உப்பு என்று நம்பிப் பானைக்குள் உதிர்த்தார். பக்கத்தில் உள்ளி உரித்துக்கொண்டிருந்த நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். அவை கோழி சூப் கட்டிகள் என்பது எனக்கும் தெரியாது.

கஞ்சிக்கு அன்று அப்படி ஒரு ருசி. மண்டபத்துக் காரியங்களைக் கவனிக்கும் பெரியப்பா இரண்டாம் தரமும் வாங்கிக் குடித்து முடித்த பிறகுதான் குப்பைக்கூடையில் அந்தத் தாள்களைக் கண்டார். இறைச்சி தொடக்கூடாத பெரிய வெள்ளியில் கோழி! கோழிக் கட்டி கோழியாகுமா ஆகாதா என்று மண்டபம் இரண்டுபட்டது. தெரியாமல் குடித்தது பாவமில்லை என்று சுவாமியார் சிரித்துக்கொண்டே சொல்லிவிட்டார். பெரியப்பாவுக்குச் சிரிப்பு வரவில்லை. நேரே அம்மாவிடம் வந்தார்.

“இத்தினை வரியமாக் காய்ச்சிறீர், என்ன போடுறீர் எண்டு பாக்கத் தெரியாதோ? இனிமேல் வேறை ஆரும் காய்ச்சட்டும்.”

மாமியின் முகம் வெளிறிப்போனது. உண்மையைச் சொல்ல நான் வாயைத் திறந்தேன். அம்மாவின் கை என் தோளை அழுத்தியது.

வீட்டில், மாமி குளிக்கப் போன நேரம் பார்த்து அழுதேன். “ஏனம்மா சொல்லேல்லை?”

“வந்த புதுசிலையே அவ எல்லாருக்கும் முன்னாலை தலை குனியிறதே, பிள்ளை? இண்டைக்குக் கோயிலிலை வாசிச்சவை தானே, யேசுவும் வாய் திறக்கேல்லை. ஆண்டவருக்குத் தெரியும், எனக்கு அது காணும்.”

யேசுவுக்கு மச்சாள் இருக்கவில்லையே என்று வாய் வரை வந்தது. விழுங்கிக்கொண்டேன்.

அடுத்த வருடம் பானையை மாமியிடமே ஒப்படைத்தார்கள். அம்மா சமையலறை வாசலில் நின்று அடுப்பையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு எல்லாரையும் போல வரிசையில் போய்க் கோப்பையை நீட்டினார்.

“நல்ல வாசம் மச்சாள், நல்லா வந்திருக்கு.”

மாமி ஊற்றினார். நிமிர்ந்து பார்க்காமல் ஊற்றிக்கொண்டே இருந்தார். கோப்பை நிரம்பி அம்மாவின் விரல்களில் வழிந்தது. சூடு பட்டும் அம்மா கையை இழுக்கவில்லை. கஞ்சி ஊற்றக்கூடத் தெரியாத ஒருவரிடமா பானையைக் கொடுத்தார்கள் என்று அந்த வயதில் எனக்கு எரிச்சலாக வந்தது.