சூரியன் சமையலறையில் மறைந்த வீடு

கெசியாவுக்குப் பல்லியைக் கண்டால் பயம், தெருவைத் தனியாகக் கடப்பதென்றால் பயம், முதலாளி செருமினால் பயம். இத்தனைக்கும் மேலே, வேலூர் லாங் பஜாரில் பாத்திரக்கடை மாடியில் அவள் உட்கார்ந்து வேலை பார்த்த கம்ப்யூட்டரைக் கண்டால் பெரும் பயம். வீடு வரைகிற சாஃப்ட்வேர் ஒன்று அதில் இருந்தது. அது எப்போது உறையும், எப்போது திரை கறுத்துப்போகும் என்பது ஆண்டவருக்கே வெளிச்சம்.

இரண்டாயிரத்து மூன்றாம் வருஷம் அது. 'கம்ப்யூட்டர் மூலம் வீட்டு பிளான் வரையப்படும்' என்று இன்ஜினியர் ராமமூர்த்தி வாசலில் போர்டு மாட்டியிருந்தார். போர்டு அவருடையது, வரைகிறவள் கெசியா. ராமமூர்த்திக்கு மவுஸைப் பிடிக்கவே வராது. ஆனால் அவள் முதுகுக்குப் பின்னால் நின்றுகொண்டு, "இன்னாம்மா இவ்ளோ நேரம், கம்ப்யூட்டர்னா பட்டுனு வரவேண்டாமா?" என்று கேட்க மட்டும் நன்றாக வரும்.

சொல்லித்தர ஆளில்லாத ஊரில் பயம்தான் அவளுக்கு வாத்தியார். ஒரு சுவர் போட்டால் ஒரு தடவை சேவ் பண்ணுவாள். சுவரெல்லாம் முடியாமல் சோபா, கட்டில் எதையும் உள்ளே இறக்கமாட்டாள், இறக்கினால் மெஷின் திணறும். வீட்டை முப்பரிமாணத்தில் திருப்பிக் காட்டும்போது நிழலை அணைத்து வைப்பாள். அப்படியும் உறைந்துபோனால் எதையும் தொடாமல், கையைக் கட்டிக்கொண்டு, மனசுக்குள் பைபிள் சங்கீதம் சொல்லிக்கொண்டு காத்திருப்பாள். பாதி நேரம் அது தானாகவே எழுந்துகொள்ளும். சங்கீதம்தான் எழுப்பியது என்று அவள் நம்பினாள். நம்பிவிட்டுப் போகட்டும், நமக்கென்ன.

இவ்வளவு ஜாக்கிரதைக்காரி எங்கே கோட்டை விட்டாள் என்று கேட்டால், வாயைத் திறந்து ஒரு வார்த்தை கேட்கவேண்டிய இடத்தில்தான்.

அந்த ஆபீசில் ஒரு பழக்கம். பெண்பிள்ளைக்கு சைட்டில் என்ன வேலை என்று ராமமூர்த்தி அவளை எங்கேயும் அழைத்துப் போகமாட்டார். தானே போய் டேப் பிடித்து அளந்து, நீள அகலத்தை ஒரு துண்டுத் தாளில் கிறுக்கி மேஜையில் போடுவார். ரோடு எந்தத் திசை என்று எழுதமாட்டார். ரோடு எந்தத் திசையில் இருந்தாலும் திரையில் அதைக் கீழ்ப்பக்கம்தான் வரையவேண்டும், அப்போதுதான் பார்ட்டிக்கு வீட்டின் முகம் நேராகத் தெரியும் என்பது அவர் சட்டம். சாஃப்ட்வேருக்கு இந்தச் சட்டம் தெரியாது. நாமாக மாற்றாதவரை திரையின் மேல்பக்கம்தான் அதற்கு வடக்கு. கெசியாவும் அதை அப்படியே நம்பினாள். சார், ரோடு எந்தப் பக்கம் என்று கேட்டிருக்கலாம். கேட்டால் எரிந்து விழுவார். அதனால் கேட்கவில்லை.

ஆம்பூரிலிருந்து ஒரு வீட்டு வேலை வந்தது. ஜஹீருன்னிசா அம்மாளும் அவர் மருமகள் நசீமுன்னிசாவும் ஆபீசுக்கே வந்து உட்கார்ந்து, என்னென்ன வேண்டும் என்று சொன்னார்கள். மாமியாருக்குத் தெரிந்த மேஸ்திரி தரையில் கோடு போட்டே கட்டிவிடுவார். மருமகள்தான், கம்ப்யூட்டர் பிளான் இருந்தால்தான் ஆச்சு என்று ஒற்றைக் காலில் நின்றவள். கிளம்பும்போது ஜஹீருன்னிசா அம்மாள் கெசியாவிடம் ஒன்றை மட்டும் அழுத்திச் சொன்னார்.

"மத்ததெல்லாம் உன் இஷ்டம்மா. கக்கூஸ்ல உக்கார்றப்போ மேற்கே முகமும் இருக்கக்கூடாது, முதுகும் இருக்கக்கூடாது. நாங்க தொழுவுற பக்கம் அது."

"தெரியும்மா. நான் பாத்துக்கறேன்" என்றாள் கெசியா. பார்த்தும்கொண்டாள். இரண்டு கழிப்பறையிலும் பீங்கானை வடக்கு தெற்காக, அதாவது திரையில் மேலும் கீழுமாக, கச்சிதமாக வைத்தாள்.

வீடு எழும்பிக் கூரையும் போட்டாயிற்று. அலமாரி எங்கே, ஜன்னல் திரை எங்கே என்று வீட்டுப் பெண்கள் தீர்மானிக்கவேண்டும். அவர்கள் மறுபடி வேலூர் வரத் தோதுப்படவில்லை. ராமமூர்த்தி கம்ப்யூட்டரையே வேனில் ஏற்றினார். மடியில் மானிட்டரைச் சுமந்துகொண்டு, ரோடு எந்தப் பக்கம் போகிறது என்றுகூடத் தெரியாமல் கெசியா முதல்முறையாக ஆம்பூர் போய்ச் சேர்ந்தாள். புது வீட்டை ஒட்டியே பழைய வீடு. அதன் கூடத்தில் மெஷினைப் பொருத்தினார்கள். பக்கத்தில் மேஸ்திரி அந்தோணியின் ஆட்கள் கலவை போடும் சத்தம் கேட்டது.

"காலைலதான் கக்கூஸ் பீங்கானெல்லாம் பதிச்சு முடிச்சேன் சார், பிளான்ல இருக்கறபடியே" என்று அந்தோணி எட்டிப்பார்த்துச் சொல்லிவிட்டுப் போனார்.

மெஷின் அன்றைக்கு உறையவில்லை. சுவர் சுவராக, அறை அறையாக வீடு திரையில் திரும்பியது. நசீமுன்னிசாவுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. "ஹால்ல சாயந்தர வெயில் எவ்ளோ வரும்னு இதுல தெரியுமா? திரை கனமா வாங்கறதா, லேசா வாங்கறதான்னு பாக்கணும்" என்றாள்.

தெரியும் என்று கெசியா சூரியனைப் போட்டாள். நேரத்தைச் சாயங்காலத்துக்கு நகர்த்தினாள். வெயில் சமையலறை ஜன்னல் வழியாக வந்து அடுப்பு மேடையில் விழுந்தது. ஹால் இருட்டாகக் கிடந்தது.

"அங்க எப்டி வரும்?" நசீமுன்னிசா சிரித்தாள். "சூரியன் எங்களுக்கு ரோட்டுப் பக்கம்தானே எறங்குது. தினம் பாக்கறேனே."

ரோட்டுப் பக்கம். கெசியா திரையின் கீழ்ப்பக்கத்தைப் பார்த்தாள். ரோட்டுப் பக்கம் மேற்கு என்றால் திரையின் கீழ்ப்பக்கம் மேற்கு. பீங்கான் இரண்டும் மேலும் கீழுமாக இருக்கின்றன. இந்த வீட்டார் எந்தத் திசையில் நெற்றியைத் தரையில் வைத்துத் தொழுகிறார்களோ, அதே திசையைப் பார்த்துக் குந்தும்படி அவள் வரைந்து கொடுத்திருக்கிறாள், காலையில் அது சிமெண்டில் பதிந்தும் விட்டது.

"சாஃப்ட்வேர் தகராறுமா" என்றார் ராமமூர்த்தி, பட்டென்று. "இந்த வெயில், நிழலெல்லாம் சும்மா ஷோவுக்கு. சமயத்துல தப்பாக் காட்டும். பிளான்ல ஒரு குறையும் கிடையாது. இன்னாம்மா கெசியா?"

"ஆமா சார்" என்றாள் கெசியா.

ஜஹீருன்னிசா அம்மாள் மருமகள் பக்கம் திரும்பினார். "சூரியன் எங்க எறங்குதுன்னே தெரியாத கம்ப்யூட்டருக்கு நாம தொழுவுற கிப்லா எங்கன்னு எப்டித் தெரியும்? நீதான் கேட்டே, இது வேணும்னு. நாளைக்கு இன்னா கொறை வந்தாலும் நீதான் உன் புருஷனுக்குப் பதில் சொல்லணும்."

நசீமுன்னிசா எல்லோருக்கும் டீ எடுத்து வரப் போனாள். கெசியாவிடம் நீட்டியபோது கோப்பையும் தட்டும் கடகடவென்று அடித்துக்கொண்டன. அந்த நடுக்கம் கெசியாவுக்கு நன்றாகத் தெரிந்த நடுக்கம். லாங் பஜார் மாடியில் தினமும் அவள் கைக்கு வருவது அதுதான்.

சொன்னால் வேலை போகும். அம்மா லில்லி நர்ஸ் வேலையிலிருந்து ஓய்வு பெற்று வீட்டில் இருக்கிறாள், வீடு ஓடுவது இவள் சம்பளத்தில். சொல்லாவிட்டால் சிமெண்ட் இறுகிவிடும். என்றைக்காவது யாராவது கண்டுபிடிப்பார்கள். அன்றைக்கு இந்தக் கூடத்தில் தலைகுனிந்து நிற்கப்போவது கம்ப்யூட்டரும் இல்லை, ராமமூர்த்தியும் இல்லை, இந்தப் பெண்தான். மனசுக்குள் சங்கீதம் தேடினாள். பாழாய்ப்போன நேரத்தில் ஒரு வரிகூட வரவில்லை.

"கம்ப்யூட்டர் மேல தப்பில்லம்மா" என்றாள். "நான்தான் வடக்க சரியா வைக்கல. ரோடு எந்தப் பக்கம்னு கேக்கணும், கேக்கல. பீங்கான் ரெண்டும் மேற்கப் பாத்துதான் இருக்கும். உங்க மருமக மேல ஒண்ணும் இல்ல. எல்லாம் நான் பண்ணது."

ராமமூர்த்தி செருமினார். கெசியா அவரைப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் அங்கேயே அழுதிருப்பாள்.

ஜஹீருன்னிசா அம்மாள் எழுந்து துப்பட்டாவைத் தலையில் இழுத்துவிட்டுக்கொண்டு புது வீட்டுக்கு நடந்தார். எல்லோரும் பின்னால் போனார்கள். கழிப்பறை வாசலில் நின்று பார்த்தார். வெளியே ரோட்டைப் பார்த்தார். கெசியா சுவரைப் பிடித்துக்கொண்டு, வரப்போகிற வார்த்தைக்காகக் கண்ணை மூடிக்கொண்டாள்.

"அந்தோணி, சிமெண்ட் காஞ்சிடுச்சா?"

"இன்னும் ஈரம்தாம்மா. எடுத்துடலாம். ரூமு சதுரமாத்தான் இருக்குது, பைப்பு மட்டும் திருப்பணும். நாளைக்குள்ள முடிச்சிடுவேன்."

"அப்போ திருப்பு." அவ்வளவுதான். அவர் போய்விட்டார். மெஷின் உறைந்தபோதெல்லாம் நெஞ்சு நின்று நின்று துடித்ததே, அத்தனை பயத்துக்கும் கடைசியில் கிடைத்தது இந்த ஒரு வார்த்தைதான்.

ஆனால் கதை அங்கே முடியவில்லை. திரும்பும்போது ராமமூர்த்தி மாதனூர் தாண்டியதும் வேனை ஓரம் கட்டினார்.

"தப்பு பண்ணது பரவால்ல. நான் ஒண்ணு சொல்லிட்டு இருக்கறப்போ பார்ட்டி முன்னாடி மாத்திப் பேசின பாரு, அதான். நாளைலேருந்து வராதே."

வருஷக்கணக்காக அவள் நடுங்கிக்கொண்டிருந்த வார்த்தை அதுதான். வந்தேவிட்டது. வேலூர் வரும்வரை மானிட்டரை மடியில் கட்டிப்பிடித்துக்கொண்டு அழுதாள். அது அவர் மானிட்டர் என்பது இறங்கும்போதுதான் உறைத்தது.

அம்மாவிடம் சொல்ல இரண்டு நாள் தைரியம் வரவில்லை. ஆபீசுக்குப் போவதுபோலக் கிளம்பி, கோட்டை மைதானத்தில் உட்கார்ந்துவிட்டு வந்தாள். மூன்றாம் நாள் காலை வீட்டு போன் அடித்தது. லில்லி எடுத்து, "யாரோ ஆம்பூர்லேருந்து" என்று நீட்டினாள். கெசியாவுக்கு மறுபடி பயம். பீங்கானைத் திருப்பும்போது வேறேதும் உடைந்துவிட்டதோ.

"நசீமுன்னிசா பேசறேன்க்கா. உங்க ஆபீசுக்குப் போன் பண்ணா, அந்தப் பொண்ணு இப்ப இல்லன்னு சொல்லி உங்க சார் வெச்சிட்டாரு. இந்த நம்பர் அந்தோணி விசாரிச்சுக் குடுத்தாரு. எங்க நாத்தனார் வீடு கட்டப் போறாங்க. மாமி சொல்றாங்க, பிளான் நீங்கதான் போடணுமாம்."

கெசியா அம்மாவைப் பார்த்தாள். அம்மா இவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். இனி மறைக்க ஒன்றுமில்லை.

"வேலையை விட்டு அனுப்பிட்டாங்கம்மா. கம்ப்யூட்டர் அவங்களோடது. என்கிட்ட ஒண்ணும் இல்ல" என்றாள் கெசியா ரிசீவரில், அம்மாவுக்கும் கேட்கும்படி.

போனில் நசீமுன்னிசா யாரிடமோ உருதுவில் கேட்டாள். பின்னால் ஜஹீருன்னிசா அம்மாளின் குரல் கேட்டது. பிறகு மருமகள் அதைத் தமிழில் சொன்னாள்.

"கம்ப்யூட்டர் இங்க எங்க வீட்லயே ஒண்ணு சும்மா கெடக்குதாம்க்கா. தப்புன்னா தப்புன்னு சொல்ற ஆள்தான் கிடைக்கலையாம். எப்ப வர்றீங்க?"

கெசியா ரிசீவரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

"வர்றேன்" என்றாள். "அதுக்கு முன்னாடி ஒண்ணு கேட்டுச் சொல்லுங்க. அவங்க மனைக்கு ரோடு எந்தப் பக்கம்?"