அட்டை ஏறாத கால்

போன வாரம் மடுல்சீமைக்குப் போயிருந்தேன். தேயிலைத் தோட்டத்து லயத்து வாசற்படியில் பூங்கொடி உட்கார்ந்திருந்தாள். கொழுந்து எடுக்கிற பெண். வலது காலில் பெரிய கட்டு.

“சேர், அந்த அட்டை மருந்து வந்துருச்சுங்களா?”

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது.

விஷயம் இதுதான். கடந்த மழைக்காலத்தில் பல்கலைக்கழகத்திலிருந்து ஓர் இளைஞர் ரத்தம் குடிக்கிற அட்டைகளை ஆராய வந்தார். அவருக்குத் தமிழ் தெரியாது. மொழிபெயர்க்க நான் கூடப் போனேன். ரிட்டயர்ட் வாத்தியாருக்கு வேறென்ன வேலை?

மழை நாளில் மலைக்கு ஏறுமுன் பெண்கள் காலில் சோப்பைத் தேய்த்துக்கொள்வார்கள். அட்டைக்குப் பயந்துதான். ஒரு வாரத்துக்கு அது வேண்டாம் என்றார் இளைஞர். “ஆராய்ச்சின்னா என்னங்க?” என்று பூங்கொடி கேட்டாள். “மருந்து கண்டுபிடிக்கிறதும்மா” என்று சொல்லிவைத்தேன். அவர் அப்படிச் சொல்லவே இல்லை!

நம்பினார்கள். வெறுங்காலோடு போய், ஏறிய அட்டைகளைப் பிடுங்கிப் போத்தலில் போட்டுக் கொடுத்தார்கள். பூங்கொடிக்குச் சீனி வருத்தம், அதுதான் சர்க்கரை நோய். கடித்த இடத்தைச் சொறிந்தாள், புண்ணானது. இன்னும் ஆறவில்லை. இப்படியே போனால் விரலை எடுக்க வேண்டிவரும் என்று பதுளை ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்களாம்.

வீட்டுக்கு வந்ததும் இளைஞருக்கு போன் போட்டேன். உற்சாகமாகப் பேசினார். ஆள் வருவது அட்டைக்கு எப்படித் தெரிகிறது என்று கண்டுபிடித்துவிட்டாராம். கட்டுரையும் வெளியாகிவிட்டதாம். அட்டையைத் தூக்கி மெத்தையில் வைத்தாலும் குப்பையைத்தான் நாடும் என்பார்கள். இந்த அட்டைகளோ வெளிநாட்டுச் சஞ்சிகை வரைக்கும் போய்விட்டன!

மருந்து? அது அப்ளைட் ரிசர்ச்சாம்... கீழ்மாடியாம். நம்பர் கொடுத்தார்.

கீழ்மாடியில் ஒரு அம்மணி பேசினார். அட்டைக்கு ஓர் எண்ணெய் செய்து பார்த்தார்களாம். அட்டை அதன் மேலேயே ஊர்ந்து ஏறிவிட்டதாம். ஏன் என்று கேட்டேன். தெரியாதாம். அது பேசிக் ரிசர்ச்... மேல்மாடியாம்.

இரண்டு மாடிக்கும் நடுவே எத்தனை படி இருக்கும்? இருபது? அதில் ஒருத்தர் இறங்கி, ஒருத்தர் ஏறி, நடுவில் நின்று ஒரு பிளேன்டீ குடித்திருக்கக் கூடாதா? இவர்களை ஒரு பிடி பிடிக்கத்தான் பேனாவை எடுத்தேன்.

இரண்டு பாரா எழுதியதும் அந்த மழை நாள் ஞாபகம் வந்தது. பூங்கொடி, தன் பக்கத்தில் நின்ற பொன்னம்மாவின் காலைக் காட்டி என்னிடம் சொன்னாள்:

“இந்த அக்கா சோப்பும் போடுறதில்ல, ஒண்ணும் போடுறதில்ல. ஆனா அட்டை ஏறவே மாட்டேங்குது. ஏன்னு கேளுங்க சேர். தெரிஞ்சா எங்க காலுக்கும் எதையாச்சும் தடவிக்கலாம்ல?”

மேல்மாடியும் கீழ்மாடியும் ஒரே மூச்சில்!

என்ன சொல்கிறாள் என்று இளைஞர் ஆவலாகத்தான் கேட்டார்.

“ஒன்றுமில்லை, சும்மா பேசுகிறாள்” என்று மொழிபெயர்த்தேன்.