ஊதாமல் இருக்கப் படித்த கதை

கல்யாண ஊர்வலத்தில் கிளாரினெட் ஊதுகிறவனுக்கு வாய் வேண்டும், விரல் வேண்டும், காது வேண்டும்; கண் எதற்கென்றால், பள்ளத்தில் கால் வைக்காமல் இருக்க. இப்படிப் பதினாறு வருஷம் புதுச்சேரித் தெருக்களில் ஊதித் தள்ளியவன் நான். சினிமாப் பாட்டை இரண்டு தரம் கேட்டால் மூன்றாம் தரம் என் குழலில் வந்துவிடும். என்னைவிட நன்றாக ஊதுகிறவன் ஊரில் இல்லை என்று நான் சொல்ல மாட்டேன். வேறு யாராவது சொன்னால் மறுக்கவும் மாட்டேன்.

அப்பேர்ப்பட்டவன் முப்பத்து நாலு வயசில் சங்கீதத்தை எழுத்துக் கூட்டிப் படிக்க உட்கார்ந்தேன். காதோரம் நரைத்த பிறகு பாடம் படிக்கப் போன அனுபவம் உங்களில் யாருக்காவது இருந்தால், கொஞ்சம் நெருங்கி உட்காருங்கள். நாம் ஒரே கட்சி.

காலி இடம்

பிரெஞ்சுக் கொடி இறங்கி இரண்டு வருஷம் ஆகியிருந்தது. அரசாங்க பேண்டில் இருந்த பழைய ஆட்கள் சிலர் பிரான்சுக்குக் கப்பல் ஏறிவிட்டதால் ஒரு கிளாரினெட் இடம் காலி. மாசச் சம்பளம், பென்ஷன், பித்தளைப் பொத்தான் வைத்த சட்டை. கல்யாண பேண்டுக்காரனுக்கு ஆடியும் மார்கழியும் அரை வயிற்று மாசங்கள். வீட்டில் இரண்டு பெண் குழந்தைகள். முப்பத்தைந்து வயசு தாண்டினால் எடுக்க மாட்டார்கள். ஆக, விட்டால் இன்னொரு தடவை கிடையாது.

நேரே பேண்டு மாஸ்டரைப் பார்க்கப் போனேன். அவரை எல்லோரும் ‘ஷெஃப்’ என்பார்கள்; பிரெஞ்சில் தலைவர் என்று அர்த்தம். சிரிப்பது அவருடைய வேலைகளில் சேர்ந்ததல்ல. ஒரு பாட்டு ஊதிக் காட்டினேன்; கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். மனுஷன் மயங்கிவிட்டார் என்றே நினைத்தேன். அவர் கண்ணைத் திறந்து, ஐந்து கோடும் நிறையப் புள்ளியும் போட்ட ஒரு தாளை என் முன்னால் வைத்து வாசிக்கச் சொன்னார். எனக்கு இது தெரியாது என்று உள்ளதைச் சொல்லிவிட்டேன். ஷெஃப் சொன்னார்: “உன் காது பாஸ். கண்ணு ஃபெயில். மூணு மாசம் டைம் தரேன், கண்ணையும் கூட்டிக்கிட்டு வா.”

வெள்ளையும் கறுப்பும்

மாதா கோயிலில் ஆர்மோனியம் வாசிக்கும் தெரேஸ் டீச்சர், மாலையில் பிள்ளைகளுக்கு நோட்டுப் படிக்கச் சொல்லிக்கொடுப்பார். என்னைவிடப் பத்து வயசு சின்னவர். ஏழு வயசுப் பிள்ளைகளின் பெஞ்சில் எனக்கும் ஓர் ஓரம் கொடுத்தார். முழங்கால் தாடையை இடித்தது. நம்முடைய ‘ச’வை அவரவர் குரலுக்குத் தோதான இடத்தில் வைத்துக்கொள்ளலாம். பிரெஞ்சுக்காரர்களின் முதல் சுரமான ‘தோ’ ஒரே இடத்தில் ஆணி அடித்தது. நான் அதைக் கொஞ்சம் நகர்த்திப் பார்த்தபோதெல்லாம் டீச்சரின் ஸ்கேல் பெஞ்சில் விழும். பிள்ளைகளுக்கு அதில் பரம சந்தோஷம்.

ஆனாலும் ஒரே வாரத்தில் புள்ளிகள் பிடிபட்டன. உள்ளே நிரம்பியிருந்தால் கறுப்பு, ஒரு எண்ணிக்கை. உள்ளே காலியாக இருந்தால் வெள்ளை, இரண்டு எண்ணிக்கை. பிரெஞ்சில் அதன் பெயரே அப்படித்தான். நாலு எண்ணிக்கை சேர்ந்தால் ஒரு கட்டம். எங்கள் பேண்டில் டிரம்பெட் ஊதும் எத்திராசுக்கு இதைப் பெருமையாக விளக்கினேன். ஒரு வெள்ளைக்கு இரண்டு கறுப்பு சமம் என்றதும், அவன் டிரம்பெட்டிலிருந்த எச்சிலை உதறிவிட்டுக் கேட்டான்: “வெள்ளைக்காரன் ஊரவுட்டே போயிட்டான். இன்னுமாண்ணே அவன் ஒருத்தன் நம்ம ரெண்டு பேருக்குச் சமம்?”

எத்திராசின் முதுகு

வகுப்பில் படிப்பது தனியாகவும் தெருவில் ஊதுவது தனியாகவும் இருந்தது. இரண்டையும் சேர்க்க நானே ஒரு வழி கண்டுபிடித்தேன். நாங்கள் வழக்கமாக வாசிக்கும் ஒரு பாட்டை டீச்சர் தாளில் எழுதிக் கொடுத்திருந்தார். ஊர்வலத்தில் எத்திராசு எனக்கு முன்னால் நடப்பவன். தாளை அவன் சட்டை முதுகில் நாலு குண்டூசி போட்டுக் குத்திவிட்டேன்.

பெரிய மார்க்கெட் பக்கம் ஒரு மாப்பிள்ளை அழைப்பு. மீன் கூடைக்காரி வந்தால் எத்திராசு ஒதுங்குவான், கூடவே பாட்டும் ஒதுங்கும். பூக்கடையில் தெரிந்த முகத்தைப் பார்த்து அவன் திரும்பினால், நான் ஊதிக்கொண்டே சுற்றிப் போய் அவன் முதுகைத் தேட வேண்டும். ஜனங்கள் அதைப் புது மாதிரி டான்ஸ் என்று நினைத்துக் கை தட்டினார்கள். நான் ஒரு புள்ளியைக்கூட விடவில்லை. பாட்டுக்குப் பாட்டு இடைவெளியில் எத்திராசு தலையைத் திருப்பாமலே சொன்னான்: “அண்ணே, அரை மணியா முதுகு அரிக்குது. எந்தக் கோட்டுல நீ இருக்கேன்னு சொன்னீன்னா, நீ படிச்சு முடிச்ச எடத்துல சொறிஞ்சுக்கிறேன்.”

பெருமூச்சு

என்னைக் கவிழ்த்தது புள்ளி அல்ல. புள்ளிக்கு நடுவே வரும் ஒரு கோணல் கொக்கி. அது வந்தால் ஊதக் கூடாது, மனசுக்குள் எண்ண வேண்டும். பிரெஞ்சில் அதற்கு ‘சுப்பீர்’ என்று பெயர், பெருமூச்சு என்று அர்த்தம் என்றார் டீச்சர். எனக்கு வந்ததும் அதுதான். கல்யாண பேண்டில் சத்தம் அறுபடக் கூடாது. ஒருவன் மூச்சு வாங்கினால் அடுத்தவன் ஊதி நிரப்புவான். பதினாறு வருஷம் இப்படி ஓட்டை அடைத்த வாய், காலி இடத்தைக் கண்டால் தானாகவே போய் அடைத்தது. அதோடு நான் தாளம் எண்ணிப் பழகியது நடந்துகொண்டே. நாற்காலியில் உட்கார்ந்தால் மூன்றுக்குப் பிறகு ஐந்து வந்தது. டீச்சர் இரண்டு நாள் பார்த்துவிட்டு, “செருப்புக்குள்ள கட்டைவிரல் நடக்கட்டும்ணே, ஆளு உக்காந்திருக்கட்டும்” என்றார். அன்றோடு எண்ணிக்கை வழிக்கு வந்தது.

வாயைப் பழக்க வேண்டாமா? அரியாங்குப்பத்தில் மரக்கடைக்காரர் ஒருவர் வீட்டுக் கல்யாணம். எத்திராசு தனியாக ஊத, நான் தாளில் உள்ளபடி இரண்டு கட்டம் குழலை இறக்கிவிட்டு நின்றேன். எட்டு எண்ணிக்கை! எனக்கே என்னைப் பார்த்துப் பெருமையாக இருந்தது. மரக்கடைக்காரர் கூட்டத்தைப் பிளந்துகொண்டு வந்தார்: “என்னாய்யா, அவன் பாவம் ஊதறான், நீ வேடிக்கை பாத்துக்கினு நிக்கிறே? சாப்பிட வந்தியா, ஊத வந்தியா?”

பரீட்சை

மூன்று பேர் வந்திருந்தோம். ஷெஃபின் பேண்டோடு உட்கார்ந்து, யாரும் முன்னே கேட்டிராத ஒரு உருப்படியை ஒவ்வொருவராக வாசிக்க வேண்டும். மற்ற இருவர் வாசிக்கும்போது நான் வாசலில் நின்று கேட்டேன். இரண்டு பேருக்கும் நல்ல கை. நடுவில் மற்ற வாத்தியங்கள் மெதுவாகப் போகும் ஓர் இடத்தில் இருவருமே அழகாகக் குழைத்து ஊதினார்கள். இவர்களில் ஒருவனுக்குத்தான் வேலை என்று நினைத்தேன், ஒளிப்பானேன்?

என் முறை வந்தது. ஒரு ‘தோ’ நழுவியது, இன்னும் இரண்டு இடம் சறுக்கியது. பிறகு தாளில் அந்த இடம் வந்தது. நாலு கட்டம் காலி! அவர்கள் குழைத்தது இங்கேதான். நெஞ்சு நிறைய மூச்சு, துடிக்கிற உதடு, ஒரு சங்கதி கச்சிதமாக உட்காரும் அளவுக்கு இடம். ஊதடா ஊதடா என்றது பதினாறு வருஷப் பழக்கம். ஊதினால் இரண்டு பெண்களுக்கும் மறுபடி ஆடி மாசம். கட்டைவிரலை நடக்கவிட்டேன். ஒன்று, இரண்டு, மூன்று… பதினாறு முடிந்ததும் குழலை எடுத்தேன். பேண்டின் சத்தம் என்னோடு சேர்ந்து எழுந்தது. ஷெஃப் தாளை மடித்தபடி சொன்னார்: “வாசிச்சதுல மூணு தப்பு. வாசிக்காததுல ஒரு தப்புகூட இல்ல. திங்கக்கெழமை வந்து சட்டைக்கு அளவு குடு.”

கடற்கரை

தெருவுக்கு வந்து மதில் ஓரமாக நின்று அழுதேன். துணைக்கு வந்து வெளியே காத்திருந்த எத்திராசு பார்க்கவில்லை என்று நினைத்தேன். பார்த்துவிட்டு வேறு பக்கம் திரும்பிக்கொண்டானாம்.

அடுத்த மாசம் கடற்கரையில் கச்சேரி. பித்தளைப் பொத்தான் மின்ன நான் நாற்காலியில். எதிரே என் மனைவி, இரண்டு பெண்கள், எத்திராசு. அவர்களுக்குப் பக்கத்திலேயே அரியாங்குப்பத்து மரக்கடைக்காரர், புது மாப்பிள்ளையோடு. அன்றைக்கென்று எனக்குப் பதினொரு கட்டம் காலி. குழலை மடியில் வைத்துவிட்டு, பூட்ஸுக்குள் கட்டைவிரலை நடக்கவிட்டு, நிம்மதியாகக் கடலைப் பார்த்தேன். மரக்கடைக்காரர் குரல் டிரம்பெட்டையும் தாண்டி வந்தது: “பாத்தீங்களா மாப்ளே, நம்ம கல்யாணத்துல நின்னுக்கினு சும்மா இருந்தான். சர்க்கார் உத்தியோகம் வந்ததும் உக்காந்துக்கினு சும்மா இருக்கான்!”

பதினாறு வருஷம் ஊதிச் சம்பாதித்த பேர் ஒரு பக்கம் இருக்கட்டும். என் பெண்கள் ஆடி மாசத்தில் வயிறாரச் சாப்பிட்டதெல்லாம் அவர் சொன்ன அந்தச் சும்மா இருந்ததில்தான்.