நோனாவின் கழுத்து மணி

ஒரே நேரத்தில் இரண்டு இடங்களில் இருக்கத் தெரிந்த மனிதப் பிறவி இந்த உலகத்தில் ஒருவர்தான். அவர் லிந்துலைக்கு மேலே, ஏழாம் நம்பர் மலையில் கொழுந்து பறித்துக்கொண்டிருக்கிறார். ராக்கெட் விடுகிறவர்கள் யாரும் இன்னும் வந்து பார்க்கவில்லை. அது அவர்கள் கொடுத்து வைக்காதது. ரத்னாக்காவின் பத்து விரல்களும் இங்கே தேயிலைச் செடியின் மேல் கோழி கொத்துகிற வேகத்தில் ஓடிக்கொண்டிருக்கும். ஆள் மட்டும் கொழும்பில்.

"ரத்னா பஸ் ஏறிட்டா" என்பார்கள் பக்கத்து நிரையில். கண் திறந்திருக்கும், இமைக்காது. கூப்பிட்டால் பதில் வராது. ஆனாலும் யாரும் பின்னாலிருந்து தோளைத் தொடுவதில்லை. தொட்டால் முழங்கை வரும்; கங்காணி ஜீவராஜின் மூக்கு அதற்குச் சாட்சி. முன்னால் போய் நின்று, ஒரு கொழுந்தைக் கசக்கி மூக்குக்குக் கிட்டே நீட்டி, "ரத்னா, இது லிந்துலை. இன்னைக்குச் செவ்வாக்கெழம. மழ வரப் போகுது" என்று சொல்ல வேண்டும். கொஞ்ச நேரத்தில் கண் சிமிட்டுவார்.

"வந்துட்டியா? எந்த பஸ்ஸு?"

"ஹட்டன் பஸ்ஸுதான். சீட்டே கெடைக்கல. கினிகத்தேனையில இருந்து நின்னுக்கிட்டே வாறேன்" என்பார். பிறகு கூடையை எட்டிப் பார்ப்பார். "அடியாத்தே, இம்புட்டையும் யாரு பறிச்சா?"

மலையே சிரிக்கும். முதலில் சிரிப்பது அவர்தான்.

ரத்னாக்காவை ஒன்பது வயதில் ஒரு தரகர் கூட்டிக்கொண்டுபோய்க் கொழும்பில் ஒரு வீட்டில் வேலைக்கு விட்டார். பதினேழு வயதில்தான் அக்கா திரும்பி வந்தார். நடுவில் போன எட்டு வருடங்களைப் பற்றி ரத்னாக்கா பேசுவது கொஞ்சம்தான். வீட்டுக்கார அம்மாவை நோனா என்று கூப்பிட வேண்டும். நோனாவின் சாப்பாட்டு மேசையில் ஒரு பித்தளை மணி இருக்கும். ஒரு தடவை அடித்தால் தண்ணீர். இரண்டு தடவை அடித்தால் மாடிக்கு ஓட வேண்டும். மூன்று தடவை எதற்கென்று அவர் யாரிடமும் சொன்னதில்லை.

"மூணு கேட்டா, குசினியில அடுப்புக்குப் பின்னால சொவத்துல ஒரு வெடிப்பு இருந்திச்சி, அதுக்குள்ள போயிருவேன். நடக்குறது வேற ஒரு புள்ளைக்கு நடக்கும்."

ஊருக்கு வந்த புதிதில், பேய் பிடித்திருக்கிறது என்று பூசாரியிடம் கொண்டுபோனார்கள். "வேப்பிலையால அடிச்சாரு மனுசன். அடி விழுந்தா நான் இன்னும் தூரமாப் போயிருவேன்னு அவருக்கு எப்புடித் தெரியும்? அன்னைக்கு நான் கொழும்பையும் தாண்டிப் போயிட்டேன்." மாதம் ஒரு தடவை கிளினிக்குக்குப் போக ஆரம்பித்த பிறகுதான் விஷயம் விளங்கியது. டொக்டரம்மா சொன்னதை ரத்னாக்கா தேத்தண்ணி நேரத்தில் எல்லோருக்கும் சொல்வார். "சின்ன வயசுல ஒளிஞ்சிக்க ஒரு எடம் கண்டுபுடிச்சேனாம். நல்ல எடந்தான், உசுரக் காப்பாத்துச்சி. இப்ப அடிக்க ஆளில்லாட்டியும் கதவு தன்னால தொறந்துக்குது. கதவ ஒடைக்க வேணாம் ரத்னா, சாவிய நம்ம கையில வச்சிக்குவோம்கிறாங்க."

எல்லாச் சத்தத்தையும் தாங்கிவிடுவார். மணிச்சத்தம் மட்டும் ஆகாது. அதனாலேயே பத்தொன்பது வருடமாக மாரியம்மன் திருவிழாவைத் தேயிலைக்குள் நின்றுதான் பார்த்திருக்கிறார். இந்த வருடம் பால்குடத்துக்குப் பெயர் கொடுத்துவிட்டார்.

"கொடத்தப் போட்டுருவியே ரத்னா" என்றார் ஜீவராஜ்.

"எங் கை எதையும் போடாது. பாலு அம்மனுக்குப் போய்ச் சேர்ந்துரும். ஆனா ஊத்துறப்ப மணி அடிப்பாங்கள்ல? நான் பஸ் ஏறிட்டா யாரு பாக்குறது? அம்மன் மொகத்துல பாலு எறங்குறத நான் பாக்கணும்ணே."

இதை எழுதுகிற சுலக்ஷனா, லயத்து வரிசை வீடுகளில் ரத்னாக்காவுக்கு அடுத்த காம்பராக்காரி. வயது பதினேழு. கணக்குப் பாடம் இரண்டு தடவை அவளைக் கைவிட்டது. அவளும் அதைக் கைவிட்டாள். சீனி டப்பாவில் உப்பு, கங்காணியின் குடைக்குள் தவளை எல்லாம் அவள் கைவேலை. போன வருடம் ஒரு நாள், விருந்தாளி வந்ததாக ஏமாற்றலாம் என்று, ரத்னாக்காவின் ஜன்னலில் போனை வைத்துக் காலிங்பெல் சத்தத்தை ஓடவிட்டாள். கதவு திறக்கவில்லை. எட்டிப் பார்த்தாள். ரத்னாக்கா சுவரோடு ஒட்டிக் கைகட்டி நின்றுகொண்டு, சின்னப் பிள்ளைக் குரலில், சிங்களத்தில், "எனவா நோனா, எனவா நோனா" என்று சொல்லிக்கொண்டிருந்தார். வருகிறேன் நோனா, வருகிறேன் நோனா. சுலக்ஷனா சிரிக்கவில்லை. யாரிடமும் சொல்லவுமில்லை.

இந்த வருடம் ரத்னாக்கா ஒரு வெள்ளாடு வாங்கினார். தாடையைத் தூக்கிக்கொண்டு நடக்கிறது என்று அதற்கு நோனா என்றே பெயர் வைத்தார். லயம் முழுக்கச் சிரிப்பு. திருவிழாவுக்குப் பத்து நாள் இருக்கையில் நோனாவின் கழுத்தில் ஒரு மணி தொங்கியது. மனுஷி மறதியில் கட்டிவிட்டார் என்றுதான் சுலக்ஷனா நினைத்தாள். திருவிழா வரைக்கும் அக்காவின் காதில் ஒரு மணியும் விழக்கூடாது என்று முடிவுகட்டினாள். அன்றைக்கே மணியின் நாக்கை அறுத்தெடுத்தாள். அது ஒரு ஆணி. அடுத்த நாள் ரத்னாக்கா ஒரு நட்டைக் கோத்துத் தொங்கவிட்டார். அதுவும் போயிற்று. லயத்துப் போன்களில் மணிச்சத்தம் உள்ளதையெல்லாம் தேடித் தேடி மாற்றினாள். ஜீவராஜின் போன் இன்றுவரை ஆட்டோ ஹார்ன் மாதிரிக் கத்துகிறது. மூன்றாவதாக ரத்னாக்கா கட்டியது ஒரு பழைய பூட்டுச் சாவி.

நேற்று சாயங்காலம் பீலிக்கரையில், மலையிலிருந்து குழாயில் விழும் தண்ணீருக்கு அடியில் ரத்னாக்கா குடத்தை வைத்துவிட்டு நின்றார். குடம் நிரம்பி வழிந்தது. கண் இமைக்கவில்லை. பக்கத்தில் நோனா மேய்ந்துகொண்டிருந்தது, சாவி கிணுகிணுத்தது.

"அக்கா, இது லிந்துலை. இன்னைக்கு வெள்ளிக்கெழம" என்றாள் சுலக்ஷனா. குடம் வழிந்துகொண்டே இருந்தது. முதலில் அந்த மணியை ஊமையாக்க வேண்டும் என்று கத்தரிக்கோலோடு ஆட்டின் கழுத்தருகே குனிந்தாள். அவள் மணிக்கட்டை ஒரு ஈரக்கை பிடித்தது.

"ஆணி ஒண்ணு, நட்டு ஒண்ணு. நோனாதான் தின்னுருச்சோன்னு அது வயித்தத் தடவித் தடவிப் பாத்தேன், கழுத."

"அக்கா! நீங்க பஸ்ஸுல..."

"ஏறுன மாதிரி நின்னேன். நீ மட்டுந்தான் வெளையாடுவியா?"

"மணி கேட்டா நீங்க போயிருவீங்கன்னுதான்க்கா..."

"அதுக்குத்தான்டி கட்டுனதே. அன்னைக்கு மணி கேட்டா, நோனா எங்கன்னு நான் ஓடணும். இப்ப மணி கேட்டா, நோனா எங்க மேயுதுன்னு எனக்குத் தெரியும். காதுக்கு அதைத்தான் பழக்கிக்கிட்டு இருக்கேன். டொக்டரம்மாவும் மெதுவாச் செய்ங்கன்னுட்டாங்க. இருந்ததே பத்து நாளு. அதுல நாலத் தின்னுட்டியே." கையை விடாமலே சொன்னார்: "ஜன்னல்ல போன வச்சவ யாருன்னும் தெரியும்."

சுலக்ஷனா திறந்த வாயோடு நின்றாள். அவள் கண் இமைக்கவில்லை.

ரத்னாக்கா நோனாவின் மணியைப் பிடித்து ஆட்டினார். ஒன்று. இரண்டு. கொஞ்சம் நின்று, மூன்று. அக்காவின் உதடு ஒரு தடவை நடுங்கியது. பார்வை சுலக்ஷனாவின் முகத்தைவிட்டு அசையவில்லை. பிறகு கைக்கெட்டிய செடியில் ஒரு கொழுந்தைக் கிள்ளிக் கசக்கி, அவள் மூக்குக்குக் கிட்டே நீட்டினார்.

"இது லிந்துலை. இன்னைக்கு வெள்ளிக்கெழம. எறங்கு புள்ள, ஊரு வந்திருச்சி."