என் பேருக்கு ஊதியவள்

சமுதாயக்கூடத்தில் அன்று யார் யார் இருந்தார்கள் என்று முதலில் சொல்லிவிடுகிறேன்.

மூச்சை அளக்க வந்த பெண். பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி செய்கிறவள், மெலிந்த உடம்பு. தண்ணீர் எடுக்க வந்தவர். பை நிறைய வெள்ளைப் பாட்டில்கள், ஒவ்வொன்றிலும் ஒரு சீட்டு ஒட்டியிருந்தது. கேள்வி கேட்க வந்த தம்பி. குடும்பம், கூலி, கடன், பிள்ளைகள் படிப்பு எல்லாம் அவன் பங்கு. இந்த மூவருக்கும் வாத்தியாரம்மா, காற்றாடிக்குக் கீழே நாற்காலியில். எங்கள் கம்பெனி ஃபோர்மேன், வாசலில். உள்ளேயும் வரவில்லை, போகவும் இல்லை. என் ஓரகத்தி, கொழுந்தன் பெண்டாட்டி, இடுப்பில் பிள்ளையோடு. தெருப் பெண்கள். கடைசியில் நான்.

எங்கள் ஊர் ஆமத்தூரிலிருந்து சிவகாசி போகிற வழியில் உள்ளே தள்ளி இருக்கிறது. அன்று ஞாயிற்றுக்கிழமை, கம்பெனி லீவு. வாத்தியாரம்மா எழுந்து பேசினார். பட்டாசு வேலை செய்கிற ஊர்களில் உடம்பு எப்படி இருக்கிறது, தண்ணீர் எப்படி இருக்கிறது, குடும்பம் எப்படி நடக்கிறது என்று மூன்றையும் சேர்த்துப் பார்க்கப் போகிறார்களாம். டாக்டர் படிப்பு படித்தவர்கள் நெஞ்சை மட்டும் பார்ப்பார்கள், தண்ணீர் படிப்பு படித்தவர்கள் போர்த் தண்ணீரை மட்டும் பார்ப்பார்கள், இது எல்லாம் கூடிச் செய்கிற ஆராய்ச்சி என்றார்.

தம்பி ஆரம்பித்தான்.

"ஒரு நாளைக்கு எத்தனை மணி நேரம் ஓய்வெடுப்பீங்க?"

"கரண்டு போனா மிக்ஸி ஓய்வெடுக்கும் தம்பி" என்றாள் ஓரகத்தி. "நமக்கு அது கிடையாது."

பெண்கள் சிரித்தார்கள். அவன் அதையும் எழுதினான். தண்ணீர்க்காரர் குழாயடிக்குப் போய்ப் பாட்டிலில் பிடித்துக்கொண்டு வந்து, "இதைக் குடிக்கிறீங்களா?" என்றார்.

"குடிக்காம? வீட்டுல வச்சுக் கும்பிட்டுக்கிட்டா இருக்கோம்?"

அதற்கும் ஓரகத்திதான். அவள் வாயை அடைக்க ஆள் கிடையாது. எங்கள் ஊர்ப் பொங்கலில் குலவை என்றால் அவள்தான். அவள் போட்டால் பக்கத்து ஊர்க்காரன் திரும்பிப் பார்ப்பான்.

கடைசியில் மூச்சு. கைக்கு அடக்கமான ஒரு பிளாஸ்டிக் குழாய். மேலே கோடும் எண்ணும் போட்டிருந்தது, நடுவில் ஒரு முள். ஆளுக்கு ஒரு புது அட்டைக் குழலைச் செருகித் தருவாள் அந்தப் பெண். மூச்சை இழுத்துப் பிடித்து ஒரே ஊதாக ஊத வேண்டும். முள் எங்கே போய் நிற்கிறதோ அதுதான் நம் மூச்சு. மூன்று தடவை ஊதி, அதில் பெரியதை எழுதிக்கொண்டாள்.

ஓரகத்தி ஊதினாள். முள் நானூற்று முப்பதுக்குப் போனது.

"குலவை போடுற வாயில்ல" என்றார்கள்.

நான் ஊதினேன். முதல் தடவை இருமல் வந்துவிட்டது. அடுத்த இரண்டு தடவையும் முள் பாதிகூடப் போகவில்லை. இருநூற்று அறுபது.

யாரும் கவனிக்கவில்லை என்றுதான் நினைத்தேன். அந்தப் பெண் கவனித்திருந்தாள். எல்லாரும் பிஸ்கட்டும் டீயும் வாங்கப் போனபோது என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"எத்தனை வருஷமா இரைக்குது அக்கா?"

நான் திரும்பிப் பார்த்தேன். ஃபோர்மேன் வாசலில் இருந்தார்.

எனக்குப் பூச்சட்டிக்கு, புஸ்வாணத்துக்கு, மருந்து அடைக்கிற வேலை. காகிதக் கூம்புக்குள் தூளைப் போட்டுக் கெட்டிக்க வேண்டும். வெள்ளிப் பவுடர் கலந்த தூள். சாயங்காலம் வேனை விட்டு இறங்கும்போது கை, மூக்கு, கண் இமை எல்லாம் வெள்ளியாக இருக்கும். ஊரில் பாதிப் பேர் அப்படித்தான் இறங்குவோம். இரண்டு வருஷமாகவே குடத்தைத் தூக்கிக்கொண்டு வந்தால் வாசலில் நிற்கிறேன். இரைக்கிறது என்று சொன்னால் மருந்து ரூமிலிருந்து எடுத்துவிடுவார்கள். அங்கேதான் கூலி கூட. அதனால் சொல்வதில்லை.

அவளும் வாசலைப் பார்த்தாள். குரலைத் தணித்துச் சொன்னாள்.

"தீபாவளி சீசன் முடியற நேரத்துல இன்னொரு தடவை அளக்க வருவோம். அப்பவும் குறைஞ்சிருந்தா மதுரையில பெரிய டாக்டர்கிட்ட நாங்களே கூட்டிட்டுப் போவோம். எக்ஸ்ரே, மாத்திரை எல்லாம் இந்த ஆராய்ச்சிக் கணக்கு. உங்க கம்பெனிக்குத் தெரியவே தெரியாது. ஆனா ரெண்டாவது தடவை நீங்க கட்டாயம் இருக்கணும். இருப்பீங்களா?"

"இருப்பேன் தாயி."

அன்று வீட்டுக்காரர் கேட்டார், "ஊதுனதுக்கு என்ன குடுத்தாக?"

"பிஸ்கட்டு."

"எங்க தீப்பெட்டி ஆபீஸுல மூச்சு முட்ட வேலை பாத்தாலும் இது கிடைக்காது" என்று ஒன்றை எடுத்துத் தின்றார்.

மதுரை டாக்டரைப் பற்றி அவரிடமும் சொல்லவில்லை. மனசுக்குள் வைத்துக்கொண்டேன். சீசன் முடிய எத்தனை வாரம் என்று பார்த்துக்கொண்டே வேலைக்குப் போனேன்.

எங்கள் வேலையில் ஒரு வழக்கம் உண்டு. அது வெளியூர்க்காரர்களுக்குத் தெரியாது. வேனில் ஒரு இடம் காலியாகப் போகக் கூடாது. ஒருத்திக்கு முடியவில்லை என்றால் அவள் வீட்டில் இன்னொருத்தி ஏறிக்கொள்வாள். மாமியாருக்கு மருமகள், அக்காளுக்குத் தங்கச்சி. கம்பெனியில் வராதவள் பேரைத்தான் கூப்பிடுவார்கள். வந்தவள் அந்தப் பேருக்கு "இருக்கேன்" என்பாள். யாரும் அதைத் தப்பு என்று நினைத்ததில்லை. ரேஷன் கடை வரிசை, நூறு நாள் வேலை, சங்கத்துக் கூட்டம் எல்லாவற்றுக்கும் இதுதான். வர வேண்டியவள் வரவில்லை என்றால் ஆள் அனுப்புவது மரியாதை. அனுப்பாமல் விட்டால்தான் பேச்சு வரும்.

அவர்கள் இரண்டாவது தடவை வருகிற அன்று கம்பெனியில் கடைசி லோடு. வடக்கே போகிற ஆர்டர். ஒரு ஆள்கூட லீவு போடக் கூடாது, போட்டால் சீசனுக்கு அப்புறம் கூப்பிட மாட்டோம் என்று ஃபோர்மேன் முந்தின நாளே சொல்லிவிட்டார். வேன் வந்து ஹாரன் அடித்தது. நான் தூக்குவாளியோடு வாசலில் நின்றேன். ஏறவும் இல்லை, உள்ளே திரும்பவும் இல்லை.

ஓரகத்தி கைப்பிள்ளைக்காரி, கம்பெனிக்கு வருவதில்லை; அன்று பிள்ளைக்குக் காய்ச்சல் வேறு, என் இடத்தில் வேன் ஏறச் சொல்லவும் முடியாது.

"என்னக்கா நிக்க?"

"அந்தப் பிள்ளை ஊதச் சொல்லிருக்கு."

"இதுக்கா இம்புட்டு யோசனை? நீ போ. உன் பேருக்கு நான் ஊதிட்டு வாரேன்."

"நான்தான் இருக்கணும்னு சொல்லிச்சு."

"எல்லாரும் அப்படித்தான் சொல்லுவாக. பேரு கூப்பிடையில ஆளு இருந்தாச் சரி. ஏறுக்கா, ஹாரன் அடிச்சே அவன் செத்துப் போவான்."

ஏறிவிட்டேன்.

அந்தப் பெண்ணே வந்திருந்தால் ஓரகத்தியைத் திருப்பி அனுப்பியிருப்பாள். அன்று அவள் சாத்தூர்ப் பக்கம் வேறு ஊருக்குப் போய்விட்டாள். எங்கள் ஊருக்கு வந்தது புதுப் பிள்ளைகள், எங்கள் முகம் தெரியாதவர்கள். பேரை வாசித்தார்கள். யார் எழுந்து வந்தாளோ அவளை ஊதச் சொன்னார்கள். இரண்டு மேசை போட்டிருந்ததால் ஒருத்தியே இரண்டு பேருக்கு ஊதினாலும் தெரியவில்லை.

சாயங்காலம் நான் இறங்கியதும் ஓரகத்தி தெருமுனையிலேயே பிடித்துக்கொண்டாள்.

"உன் மானத்தைக் காப்பாத்திட்டேன்க்கா. என் பழைய முள்ளுக்கே கொண்டாந்துட்டேன். நானூத்தி முப்பது. எளுதுன பிள்ளை கண்ணு விரிஞ்சு போச்சு."

"ஏட்டி, கொஞ்சம் குறைச்சு ஊதிருக்கக் கூடாதா?"

"நல்லா இருக்கேன்னு வந்தா நல்லதுதானே? நோயாளின்னு எளுதவா சொல்லுத?"

அவளுக்கு மதுரை டாக்டர் விஷயம் தெரியாது. நான் சொல்லியிருந்தால் தெரிந்திருக்கும். அவள் எனக்கு நல்லது செய்ததாக நினைத்து, பிள்ளை காய்ச்சலையும் விட்டுவிட்டுப் போய், முழு மூச்சையும் கொடுத்துவிட்டு வந்திருக்கிறாள். அவளை என்ன சொல்வது. முகத்தைக் கழுவிவிட்டு உலை வைத்தேன்.

நாங்கள் மட்டும் என்றால்கூடப் பரவாயில்லை. அன்று வேன் ஏறியவர்கள் எல்லார் வீட்டிலும் இதே கதை. மருந்து ரூமில் பாடுபடுகிறவர்கள் லோடுக்குப் போய்விட்டோம். வீட்டில் இருந்த தெம்பான பிள்ளைகள் எங்களுக்காக ஊதியிருக்கிறார்கள்.

தீபாவளி முடிந்து மறுபடியும் சமுதாயக்கூடத்தில் கூட்டம் போட்டார்கள். வாத்தியாரம்மா வந்திருந்தார். அந்தப் பெண்ணும் வந்திருந்தாள். தண்ணீரைப் பற்றி முதலில் சொன்னார்கள். குடிக்க வேண்டாம், வேறு வழி செய்யச் சொல்லி எழுதுகிறோம் என்றார்கள். பிறகு மூச்சு.

"சீசன்ல மூச்சு குறையும்னுதான் நாங்க எதிர்பார்த்தோம்" என்றார் வாத்தியாரம்மா. "உங்க ஊர்ல கூடியிருக்கு. ஏன்னு எங்களுக்கே ஆச்சரியமா இருக்கு."

கேள்வி கேட்கும் தம்பி ஒரு காரணம் வைத்திருந்தான். வேலை முடிந்ததும் நாங்கள் கருப்பட்டியும் வாழைப்பழமும் தின்போம், தூசி இறங்கிவிடும் என்று. அதை முதல் நாளே கேட்டு எழுதியிருந்தான். "அதுல ஏதோ இருக்கலாம், இன்னும் பார்க்கணும்" என்றான்.

பெண்கள் சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டார்கள். ஓரகத்தி என்னைத் தொடையில் கிள்ளினாள்.

அந்தப் பெண் நேராக என்னிடம் வந்தாள். என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அக்கா, உங்களை நினைச்சுத்தான் பயந்துட்டு இருந்தேன். நானூத்தி முப்பது! அன்னைக்கு இருமல்னாலதான் குறைஞ்சிருக்கு. மதுரைக்கு அலைய வேண்டியதில்லை."

அவள் முகம் அவ்வளவு சந்தோஷமாக இருந்தது. சொல்ல வாய் எடுத்தேன். பக்கத்தில் ஓரகத்தி. பின்னால் தெருப் பெண்கள் அத்தனை பேரும். நான் என் பேரைச் சொன்னால் எல்லார் பேரும் வெளியே வரும். வாசலில் ஃபோர்மேன்.

"ஆமா தாயி" என்றேன்.

மதுரைக்கு வேறு ஊர்ப் பெண்களைக் கூட்டிப் போனார்கள் என்று பிறகு கேள்விப்பட்டேன்.

அடுத்த சீசனில் என்னால் கூம்பு கெட்டிக்க முடியவில்லை. ஃபோர்மேன் தானாகவே லேபிள் ஒட்டுகிற ரூமுக்கு மாற்றினார். வீட்டுக்காரர் விருதுநகர் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனார். டாக்டர் நெஞ்சில் குழாய் வைத்துக் கேட்டுவிட்டு, "முன்னாடி எங்கயாவது மூச்சு டெஸ்ட் எடுத்திருக்கீங்களாம்மா?" என்றார். வீட்டுக்காரர் முந்திக்கொண்டார்.

"எடுத்தாக சார். எங்க ஊருலேயே இவளுக்குத்தான் நல்லா இருந்துச்சாம்."

டாக்டர் எழுதிக்கொண்டார். நான் சுவரைப் பார்த்தேன்.

அன்று ராத்திரி அவரிடம் சொன்னேன். அவர் திட்டவில்லை. "ஒரு வார்த்தை சொல்லிருந்தா நான் அந்த வேன்காரனைத் திருப்பி அனுப்பியிருப்பேனே" என்று மட்டும் சொன்னார். அதற்குப் பதில் திட்டியிருக்கலாம்.

இப்போது நான் பேச்சைக் குறைத்துக்கொண்டேன். ஒரு வாக்கியத்துக்கு எவ்வளவு மூச்சு வேண்டும் என்று தெரிந்துவிட்டது. அதனால் தேவைப்பட்டதை மட்டும் சொல்கிறேன். தேவைப்பட்டபோது மூச்சு இருந்தது, சொல்லவில்லை.

போன மாசம் அந்தப் பெண் போன் செய்தாள். படிப்பு முடிந்துவிட்டதாம், ஆராய்ச்சியைப் புத்தகமாக எழுதிக் கொடுத்தாகிவிட்டதாம், பட்டம்தான் பாக்கியாம், எங்கள் ஊருக்கு நன்றி சொல்ல வேண்டுமாம். அப்போது சொல்லிவிட்டேன். விட்டு விட்டுத்தான் சொல்ல முடிந்தது.

"உங்களுக்கு மட்டுமா அக்கா, இல்ல மத்தவங்களுக்கும் இப்படித்தானா?"

"தெருவுக்கே தாயி."

போன் நின்றுவிட்டதோ என்று காதிலிருந்து எடுத்துப் பார்த்தேன்.

"வர்ற ஞாயிறு வர்றேன்" என்றாள்.

வந்தாள், தனியாக. கையில் அதே குழாய். பழைய சிரிப்பு இல்லை, கோபமும் இல்லை. புத்தகத்தை என்ன செய்யப் போகிறாய் என்று கேட்டேன். வாத்தியாரம்மாவிடம் சொல்லிவிட்டாளாம், திருத்தி எழுத வேண்டுமாம், பட்டம் தள்ளிப் போகலாமாம். மதுரை டாக்டரிடமும் பேசிவிட்டாளாம். இப்போதாவது வாருங்கள், அங்கே கொண்டுபோக ஒரு அளவு வேண்டும் என்றாள்.

ஓரகத்தி வந்து சுவரோரமாக நின்றாள். அவள் வாயை அடைக்க ஆள் இல்லை என்று சொன்னேனே, அன்று அவளாகவே அடைத்துக்கொண்டிருந்தாள். கண் மட்டும் நிறைந்திருந்தது. பெண் அட்டைக் குழலைச் செருகி நீட்டினாள்.

"நீங்களே ஊதுங்க அக்கா."

நிமிர்ந்து உட்கார்ந்தேன். இருக்கிற மூச்சையெல்லாம் இழுத்தேன். ஒரு தடவை, இன்னொரு தடவை, இன்னும் ஒரு தடவை. பெரியதை அவள் வாய்விட்டு வாசித்தாள்.

நூற்று நாற்பது.